ஞானஸ்நானம் பெற்ற ஒரு சொல்: தமிழ்க் கிறித்தவத்தில் ‘பாவம்’

தமிழில் ‘பாவம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உள்ளன. ‘பாவி’ என்று ஒருவனைச் சுட்டும்போது அது விரல் நீட்டிக் குற்றம் சாட்டுகிறது. ‘ஐயோ பாவம்’ என்னும்போது அதே சொல் அவனுக்காக உருகுகிறது. வடமொழிப் ‘பாப’த்திலிருந்து வந்த இச்சொல் இரண்டாம் பொருளை எவ்வாறு பெற்றது என்று ஊகிப்பது கடினமன்று. செய்த பாவத்தின் பயனை நுகர்ந்து வருந்துபவனைக் கண்டு ‘பாவம்’ என்றிருப்பார்கள். நாளடைவில் வருந்துபவன் எவனாயினும் அவன் ‘பாவம்’ ஆகிவிட்டான். குற்றவாளியும் பரிதாபத்துக்குரியவனும் ஒரே சொல்லுக்குள் குடியேறினார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் இந்தச் சொல்லின் தலையில் ஒரு புதிய பொறுப்பு ஏற்றப்பட்டது. கிறித்தவ சமயத்தின் மையக் கருத்துகளுள் ஒன்றைத் தமிழில் சுமக்கும் பணி அதற்கு வாய்த்தது. இலத்தீனின் ‘பெக்காத்தும்’, கிரேக்கத்தின் ‘ஹமார்தியா’ ஆகியவற்றுக்கு ஈடாக மறைப்பணியாளர்கள் புதுச்சொல் எதையும் படைக்கவில்லை. தெருவிலும் கோயிலிலும் வழங்கிய ‘பாவ’த்தையே எடுத்தாண்டார்கள். சிக்கலும் அக்கணத்திலேயே தொடங்கிவிட்டது. அச்சொல்லோடு வினை, ஊழ், மறுபிறவி ஆகிய அதன் உறவினர்களும் சேர்ந்தே வந்தார்கள். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டுச் சொல்லை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்ள நடந்த முயற்சி, தமிழ்க் கிறித்தவத்தின் நானூற்றைம்பது ஆண்டுக் கருத்து வரலாற்றில் ஒரு முதன்மையான இழை என்று நாம் கருதுகிறோம். செய்த தவற்றின் விளைவை யார் அனுபவிப்பது, அதை வேறொருவர் நீக்க முடியுமா, யாரைப் பாவி என்று அழைப்பது என்னும் கேள்விகள் அந்த இழையில் கோக்கப்பட்டுள்ளன.

யமனின் கோலும் வினையின் கணக்கும்

தீச்செயலின் விளைவைத் தமிழ் மரபு எப்படிப் பார்த்தது என்று அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. நாம் வாழும் வேளச்சேரியில் தண்டீசுவரர் கோயில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளை உடைய பழங்கோயில். மார்க்கண்டேயனின் உயிரைக் கவர வந்து சிவனிடம் தோற்ற யமன், தான் இழந்த தண்டத்தை இத்தலத்தில் வழிபட்டுத் திரும்பப் பெற்றான் என்பது தலவரலாறு. கதையின் இரு பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதற்பகுதியில் அருள் தண்டனையை வெல்கிறது. இரண்டாம் பகுதியில் தண்டம் உரியவனிடமே மீண்டும் சேர்கிறது. அருளுக்கு இடமுண்டு, ஆனால் கோல் இல்லாமல் உலகம் நடவாது என்பதே இக்கதையை வழங்கியவர்களின் எண்ணமாக இருந்திருக்க வேண்டும்.

கோலைவிடக் கடுமையானது கணக்கு. சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்லும் முற்பிறப்புக் கதையை நினைவுகொள்வோம். கோவலன் முற்பிறவியில் பரதன் என்னும் பெயருடன் கலிங்க நாட்டில் இருந்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் எனப் பழிசுமத்திக் கொலைக்கு உள்ளாக்கினான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலறித் திரிந்து, சாபமிட்டு உயிர் துறந்தாள். அந்த வினையே மதுரையில் சிலம்பு விற்க வந்தவனைத் தேடி வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கோவலனுக்குத் தன் குற்றம் தெரியாது. நீலி எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. அவளிடம் சென்று பொறுத்துக்கொள் என்று கேட்க வழியே இல்லை. வினைக்கு முகம் கிடையாது. அதனிடம் முறையிட முடியாது.

சைவ சித்தாந்தம் இக்கணக்கை நுட்பமாக வகுத்தது. சஞ்சிதம் முன்னர்ச் சேர்ந்த இருப்பு. பிராரத்தம் இப்பிறவியில் நுகர்ந்து கழிப்பது. ஆகாமியம் புதிதாக ஏறுவது. வினைக்கும் முன்னதாக ஆணவ மலம் உயிரை அநாதியாகவே பற்றியிருக்கிறது என்றும் அது கூறிற்று. எனினும் தமிழ்ச் சமயங்கள் வெறும் கணக்கையே அறிந்திருந்தன என்று முடிவுகட்டுவது தவறாகும். தேவார ஆசிரியர்களும் ஆழ்வார்களும் தம் குற்றங்களைத் தாமே அடுக்கி இறைவன் முன் நின்றவர்கள். அருள் வந்தால் வினை நீறாகும் என்று நம்பியவர்கள். ஆகவே பாவம், அருள், முறையீடு என்னும் மூன்றையும் முன்பே அறிந்த செவிகளில்தான் கிறித்தவப் போதனை விழுந்தது.

அப்போதனையின் அடிப்படை என்ன? எபிரேய மறைநூல் தவற்றுக்குப் பல சொற்களை ஆள்கிறது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அவற்றுள் மூன்றை மீறுதல், அக்கிரமம், பாவம் என்று பிரித்துக் காட்டியது. இவற்றுள் ‘மீறுதல்’ என்பது எல்லையை மட்டும் மீறுவதன்று. ஒருவருக்கு எதிராகக் கிளர்ந்தெழுவது. கிரேக்க ‘ஹமார்தியா’வின் வேர்ப்பொருள் குறி தவறுதல். இவை யாவற்றுக்கும் பின்னால் ஒரு முகம் இருக்கிறது. பாவம் என்பது முதலில் இறைவனுக்கு எதிரான செயல், உறவின் முறிவு. ஆதாம் கதையில் விலக்கப்பட்ட கனியைத் தின்றவுடன் இடி விழவில்லை. தின்றவர்கள் மரங்களுக்கிடையே ஒளிந்துகொள்கிறார்கள். கடவுள் தண்டனையை அறிவிக்குமுன் அவர்களைத் தேடி அழைக்கிறார். பாவத்தின் முதல் விளைவு ஒளிந்துகொள்ளல். உழைப்பின் வேர்வையும் பேற்றின் வேதனையும் சாவும் அதற்குப் பின்னரே சொல்லப்படுகின்றன. உறவு முறிந்ததே விளைவென்றால், அதைச் சீர்செய்ய வினையை நுகர்ந்து தீர்ப்பது போதாது. புண்பட்டவர் பொறுத்தாக வேண்டும். வினைக் கோட்பாட்டுக்கும் இதற்கும் உள்ள தொலைவு இதுவே.

பரங்கிமலையில் ஒரு கல்

வேளச்சேரியிலிருந்து மேற்கே சிறிது தூரத்தில் பரங்கிமலை. கிண்டியை அடுத்துச் சின்னமலை. புனித தோமையார் இங்கே வாழ்ந்தார், பரங்கிமலையில் உயிர்நீத்தார் என்பது மரபு. மரபைப் பற்றிய விவாதத்துக்குள் நாம் புகவில்லை. மலைமேல் உள்ள கல் மட்டும் நம் பொருளுக்கு வேண்டும். 1547இல் போர்த்துக்கீசியர் அங்கே கோயில் எழுப்பத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை அது. அதைச் சுற்றிப் பாரசீகத்தின் பகலவி எழுத்தில் ஒரு வாசகம் உள்ளது. பொதுவாகக் கி.பி. 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை அதன் காலத்தைக் கணிக்கிறார்கள்.

அந்த வாசகம் படிக்கப்பட்ட வரலாறு சுவையானது. 1873இல் பர்னல் அதைப் படித்தபோது, சிலுவை என்னும் தண்டனையில் கிறித்து பட்ட துன்பத்தைக் கூறும் வாசகமாகக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விங்க்வொர்த் படித்தபோது, அது சிலுவையைச் செதுக்கியவன் தன் பெயரையும் தந்தையின் பெயரையும் சொல்லித் தன்மேல் இரங்குமாறு கிறித்துவை வேண்டும் விண்ணப்பமாயிற்று. வேறு வாசிப்புகளும் உண்டு. ஆயினும் விண்ணப்பம் என்னும் கருத்தே பின்னர் மிகுந்த ஏற்பைப் பெற்றது. ஒரே கல்லில் ஒருவர் தண்டனையையும் மற்றவர் இரக்கத்தையும் படித்திருக்கிறார்கள்.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் கிறித்தவ உலகிலேயே இவ்விரு வாசிப்புகளும் இரு மரபுகளாக வளர்ந்தவை. கீழைத் திருச்சபைகள் பாவத்தைப் பெரிதும் நோயாகவும் மீட்பைக் குணமாகவும் பார்த்தன. மேலைத் திருச்சபையில் அகுஸ்தீன் (354–430) ஆதாமின் குற்றம் பிறப்பின் வழியே மனிதர் அனைவரையும் பற்றுகிறது என்ற கோட்பாட்டை நிலைநாட்டினார். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம், பாவம் இறைவனின் மாண்புக்குச் செலுத்தப்படாத கடன் என்றார். வழக்குமன்றத்தின் மொழியும் கணக்கரின் மொழியும் அங்கே வலுப்பெற்றன. பரங்கிமலைச் சிலுவை பாரசீகத்தோடு உறவுடைய கீழை மரபைச் சேர்ந்தது. அதைத் தோண்டி எடுத்த போர்த்துக்கீசியர் மேலை மரபின் பிள்ளைகள். தமிழில் பாவத்தைப் பற்றி அச்சில் பேசப்போகிறவர்கள் இந்த இரண்டாமவர்களே.

அச்சேறிய பாவம்

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் செபங்களை ஊர் ஊராக மனப்பாடம் செய்வித்தார். ஆனால் மனப்பாடம் செய்த செபம் வேறு, தன் பாவத்தைத் தன் வாயால் சொல்வது வேறு. 1551இல் திரெந்து பொதுச்சங்கம், சாவான பாவங்கள் அனைத்தையும் வகையும் எண்ணிக்கையும் கூறிக் குருவிடம் அறிக்கையிட வேண்டும் என்று வரையறுத்தது. தமிழ் மட்டுமே அறிந்த மீனவர், போர்த்துக்கீசியம் மட்டுமே அறிந்த குருவிடம் இதை எப்படிச் செய்வார்? இடையில் துபாஷி ஒருவர் நின்றால் இரகசியம் என்னாவது?

அன்றீக் அடிகள் (1520–1600) தமிழைக் கற்று, அதற்கு இலக்கணக் குறிப்பும் எழுதி, நூல்களை அச்சிட்டதன் பின்னணியில் இந்தத் தேவையும் உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள். 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1580இல் ‘கொம்பெசியோனாயரு’ என்னும் பாவ அறிக்கைக் கையேடு. இம்மூன்றாம் நூலைத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் பெயரளவில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பத்துக் கட்டளைகளை ஒட்டிக் கேள்விகளை எழுப்பி, ஒருவன் தன் அன்றாட வாழ்வைத் துருவிப் பார்க்கச் செய்யும் நூல் அது. திருட்டு, வட்டி, பொய்ச்சத்தியம், குறி கேட்டல் போன்ற ஊர்வாழ்வின் சங்கதிகள் இவ்வகைக் கையேடுகளின் வழியே ‘நான் செய்தேன்’ என்னும் தன்மை ஒருமைக்கு வந்து சேர்கின்றன. அறநூல்கள் ‘செய்யற்க’ என்று முன்னிலையில் பேசின. பக்திப் பாடல்கள் தன்மையில் பேசினாலும் பொதுவான குற்றங்களையே பேசின. இன்ன நாளில், இத்தனை முறை, இன்னாருக்கு இதைச் செய்தேன் என்று பேசும் தமிழ் உரைநடைக்கு இது ஒரு முன்மாதிரி.

மொழி நோக்கிலும் ஒன்று கூறலாம். அன்றீக்கின் நூல்கள் சிலுவைக்குக் ‘குருசு’ என்றும், தூய ஆவிக்கு ‘இசுபிரித்து சாந்து’ என்றும் போர்த்துக்கீசியச் சொற்களையே வைத்துக்கொண்டன. கையேட்டின் தலைப்பே போர்த்துக்கீசியம். பாவம் மட்டும் தமிழில் வழங்கிய சொல்லாகவே இருந்தது. புனிதமானவற்றை அந்நியச் சொல்லால் காத்துக்கொள்ளலாம். குற்றத்தைச் சொந்த மொழியில்தான் ஒப்புக்கொள்ள முடியும்.

ஜென்மமும் கர்மமும்

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நோபிலி இந்நிலையை மாற்றினார். அந்நியச் சொற்களை விலக்கி, வடமொழி கலந்த தமிழில் கிறித்தவக் கலைச்சொற்களை அமைக்கும் வழக்கு அவரிடமிருந்து பெருகியது. 1656இல் மயிலாப்பூரில் அவர் மறைந்தார். அவர் வழியிலும் அவருக்குப் பின்னும் நிலைபெற்ற கத்தோலிக்கச் சொற்களைப் பாருங்கள். பாவ அறிக்கை ‘பாவசங்கீர்த்தனம்’ ஆயிற்று. இறைவன் புகழைப் பாடுவதற்குரிய சொல், ஒருவன் தன் இழிவைக் கூறுவதற்கு வந்து பொருந்தியது. சிறிய பாவம் ‘அற்ப பாவம்’. தலையான பாவங்கள் ஏழு: ஆங்காரம், கோபம், மோகம், லோபித்தனம், காய்மகாரம், போசனப்பிரியம், சோம்பல். பொறாமையைக் குறிக்கும் ‘காய்மகாரம்’ என்ற சொல்லைக் கிறித்தவர் அல்லாதார் பலர் கேட்டிருக்கவே மாட்டார்கள். பாவத்தின் எச்சத் தண்டனையைக் கழிக்கும் இடம் ‘உத்தரிக்கிற ஸ்தலம்’.

இவற்றுள் மிகவும் சிந்திக்கத்தக்கவை ‘ஜென்மபாவம்’, ‘கர்மபாவம்’ என்னும் இணைச்சொற்கள். ஆதிப்பெற்றோரிடமிருந்து பிறப்போடு வருவது ஜென்மபாவம். மனிதன் தானே செய்வது கர்மபாவம். போதகரின் மனத்தில் இவை தெளிவானவை. கேட்பவரின் மனத்தில்? ‘ஜென்மபாவம்’ என்றதும் போன பிறவியின் பாவம் என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவரைக் குறைகூற முடியாது. ‘கர்மபாவம்’ என்றதும் அவர் ஊழை நினைப்பார். எந்தக் கோட்பாட்டை மறுக்க வந்தார்களோ அதன் சொற்களையே கொண்டு மறுக்கவேண்டிய நிலை. நோபிலி ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று மறுபிறவியை மறுக்கவே தனி நூல் எழுத நேர்ந்ததன் நெருக்கடியை இந்தப் பின்னணியில் உணரலாம்.

இரு கோட்பாடுகளுக்குமிடையே உள்ள வேறுபாடு சமூக வாழ்வில் பெரிய விளைவுடையது. முற்பிறவி வினை இன்றைய பிறப்பைத் தீர்மானிக்கிறது என்றால், தாழ்ந்தவனாகக் கருதப்படுபவனின் தாழ்வு அவனே ஈட்டியது. அவனுடைய துன்பமே அவனுடைய குற்றத்துக்குச் சான்றாகிவிடுகிறது. ஜென்மபாவமோ எல்லார்க்கும் பொது. அரசனும் ஆண்டியும் ஒரே ஆதாமின் பிள்ளைகள், ஒரே நோயாளிகள். மனிதனைப் பிறப்பிலேயே பாவி என்று கூறும் இக்கோட்பாடு மிகவும் இருண்டது என்று இன்றைய மனம் எண்ணுவது இயல்பே. ஆனால் பிறப்பால் யாரும் தூய்மையுடையவர் அல்லர் என்ற அதன் மறுபக்கத்தைத் தமிழ்ச் சமூகத்தில் வைத்துப் பார்க்கும்போது, அதன் கூர்மை புலப்படும். அக்கூர்மையைத் திருச்சபை பயன்படுத்தியதா என்ற கேள்விக்குப் பின்னர் வருவோம்.

சம்பளமும் கடனும்

பாவத்தின் விளைவு பற்றிய சண்டையிலேயே ஐரோப்பியத் திருச்சபை பிளவுண்டது. பாவத்துக்குரிய எச்சத் தண்டனையைப் பொருள் கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம் என்ற வழக்கத்தை எதிர்த்தே 1517இல் லுத்தர் கிளம்பினார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அந்த மரபினர். அவர் அச்சிட்ட முதல் வெளியீடுகளுள் ஒன்று 1713இல் வந்த ‘அக்கியானம்’ என்னும் சிறுநூல். மெய்க்கடவுளை அறியாமையே கேட்டின் வேர் என்பது அவர் எடுத்துக்கொண்ட முனை. அதே மனிதர் 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மானிய மொழியில் பெயர்த்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்மை தீமை அறியாத மக்கள் என்று அவரால் தமிழரை எண்ண முடியவில்லை. மறுபக்கம் வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ முதலிய உரைநடை நூல்களில் லுத்தரன்களோடு வாதிட்டார். மன்னிப்பும் உத்தரிக்கிற ஸ்தலமும் காவிரிக்கரைத் தமிழில் வழக்காடப்பட்டன.

சீர்திருத்தத் திருச்சபையின் விவிலியம் தமிழுக்கு இரண்டு வலிய உருவகங்களைப் பழக்கியது. ஒன்று சம்பளம். பாவம் தனக்கு ஊழியம் செய்பவனுக்குச் சாவையே கூலியாகக் கொடுக்கிறது என்பது பவுலின் கருத்து. படைவீரனின் கூலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு ‘சம்பளம்’ என்றது. இவ்வாசகத்தைச் சென்னையின் சுவர்களிலும் பாறைகளிலும் நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் முதற்பாதியே எழுதப்பட்டிருக்கும். அதே வாக்கியத்தின் பிற்பாதி கடவுள் தரும் கொடையைப் பற்றியது. உழைத்துப் பெறாதது, கணக்கில் அடங்காதது. பவுல் கூலியைச் சொன்னதே கொடையை அதற்கு எதிரே நிறுத்துவதற்காக. சுவரில் இடம் போதாமல் போனதோ, அச்சமூட்டுதல் எளிது என்ற எண்ணமோ, கொடை விடுபட்டுச் சம்பளம் மட்டும் நிலைத்துவிட்டது.

மற்றொன்று கடன். இயேசு கற்பித்த செபத்தில் மத்தேயு ‘கடன்கள்’ என்று எழுதும் இடத்தில் லூக்கா ‘பாவங்கள்’ என்று எழுதுகிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். தமிழில் சீர்திருத்தத் திருச்சபையார் கடனையும் மன்னிப்பையும் எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர் பாவத்தையும் பொறுத்தலையும் எடுத்துக்கொண்டார்கள். ‘பொறுத்தல்’ குறளின் பொறையுடைமையோடு உறவுடையது. நிலம் தன்னை அகழ்வாரைத் தாங்குவதுபோல் பாரத்தைத் தானே சுமப்பது. கடனைத் தள்ளுபடி செய்தால் கணக்கு நேராகும். பொறுத்தால் புண்பட்டவரே அச்சுமையை ஏற்கிறார். கிறித்துவின் சிலுவைக்கு இரண்டாவது சொல்லே அணுக்கமானது என்பது நம் கருத்து.

கடன் என்ற உருவகம் உண்மையாகவே ஒருவரின் வாழ்வில் நிகழ்ந்த கதையும் இந்நகரில் உண்டு. சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பெப்ரீசியஸ் (1711–1791) புதிய ஏற்பாட்டைத் திருந்திய தமிழில் தந்தவர். 1779இல் தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டவர். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை அவர் கடனாகக் கொடுத்துவைத்தார். அது திரும்பி வரவில்லை. முதுமையில் கடனாளியாகச் சிறைப்பட்டார். தம் வாழ்நாளெல்லாம் மன்னிப்பை மொழிபெயர்த்தவர், மன்னிக்காத கடனின் எடையைத் தாமே அறிந்தார்.

முதுகில் ஒரு சுமை

பாவம் கவிதையாக மலர்ந்த இடங்களில் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் (1827–1900) ‘இரட்சணிய யாத்திரிகம்’ முதன்மையானது. வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். 1894இல் நூலாக வந்த இக்காப்பியம் ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு நூலைத் தழுவியது. அதில் பயணி ஒருவன் முதுகில் பெருஞ்சுமையோடு அழிவின் நகரைவிட்டு ஓடுகிறான். சிலுவையின் அடியில் அச்சுமை தானே கழன்று விழுகிறது.

தமிழ் வாசகனுக்கு இவ்வுருவகம் எளிதில் வசப்பட்டது. வினையைச் சுமையாகவும் பிறவியைக் கடலாகவும் அவன் முன்பே அறிவான். கிருஷ்ண பிள்ளை பக்தி இலக்கியத்தின் சொல்வளத்தைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். நோபிலியின் காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்ட உறவினர்கள் இங்கே உரிமையோடு உள்ளே வந்து அமர்கிறார்கள். ஆனால் அவர்களின் வேலை மாறியிருக்கிறது. சுமையை நுகர்ந்து கரைப்பதற்கு மாறாக இறக்கிவைப்பதே கதையின் போக்கு. ஞானஸ்நானம் பெற்றவர் கவிஞர் மட்டுமல்லர்; சொல்லும்தான்.

யார் பாவி?

இவ்வளவு நீண்ட பயணத்தில் பாவம் ஒரு வாசலில் மட்டும் தயங்கி நின்றுவிட்டது. அது சாதியின் வாசல். காய்மகாரம் பாவம், போசனப்பிரியம் பாவம் என்று கற்பித்தவர்கள், ஒரே கிண்ணத்திலிருந்து நற்கருணை பெற மறுப்பது பாவமா என்ற கேள்விக்கு நெடுங்காலம் தடுமாறினார்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறித்தவர் பலர் அதை ஏற்காமல் விலகினர். கிறித்தவக் கீர்த்தனைகளின் பெரும்புலவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வேளாளர் ஆசாரங்களின் பக்கமே நின்றார். 1850இல் சென்னை மறைப்பணியாளர் மாநாடு சாதியைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. கத்தோலிக்கத் தரப்பில், வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில் இரு பிரிவாரும் ஒருவரையொருவர் பாராமல் வழிபடும்படி இரு கைகளாகப் பிரித்தே கட்டப்பட்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்களிலும் சுவர் எழுந்தது. சாவு எல்லார்க்கும் ஒரே சம்பளம் என்று போதித்தவர்கள், அச்சம்பளத்தைத் தனித்தனி வரிசையில் பெற்றுக்கொண்டார்கள்.

ஜென்மபாவக் கோட்பாட்டின் கூர்மை இங்கே மழுங்கிவிட்டது. மழுங்கியதற்குக் காரணம், பாவத்தைத் தனிமனிதன் தனிமையில் குருவின் காதில் சொல்லும் செய்தியாக மட்டும் சுருக்கியது. ஓர் ஊரே சேர்ந்து செய்யும் பாவத்தை எந்தக் காதில் சொல்வது? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலத்தீன் அமெரிக்க இறையியலாளர்கள் சமூகக் கட்டமைப்புகளில் உறையும் பாவத்தைப் பேசினார்கள். சென்னைக் கீழ்ப்பாக்கத்தின் குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரியில் 1987இல் தலித் இறையியலுக்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டு, அரவிந்த் நிர்மல் அதன் தலைவரானார். இவ்விறையியல் எழுப்பிய கேள்வி எளியது. ஒடுக்கப்பட்டவனிடம் போய் ‘நீ பாவி’ என்று தொடங்குவது முறையா? அவன் பாவம் செய்தவன் என்பதைவிடப் பாவத்துக்கு ஆளானவன் அல்லவா? 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் பெயரிலிருந்து சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. இவை சிறிய அடிகள், காலம் கடந்தவை, எனினும் பாவம் என்ற சொல்லின் எல்லை விரிந்ததற்குச் சான்றுகள்.

சொல்வழக்கிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1973இல் புதிய சடங்குமுறை வந்தது. பாவசங்கீர்த்தனம் என்ற பழஞ்சொல்லின் இடத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் ‘ஒப்புரவு’ என்பதை வைத்தார்கள். இச்சொல்லைத் தேர்ந்தவர்கள் எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, திருக்குறள் அறிந்தோர்க்கு ஒன்று உடனே தோன்றும். குறளில் இருபத்தோராம் அதிகாரம் தீவினையச்சம். இருபத்திரண்டாம் அதிகாரம் ஒப்புரவறிதல். தீமைக்கு அஞ்சி ஒதுங்கியவன் அடுத்துச் செய்யவேண்டியது, ஊரோடு பொருந்தி ஊருக்குப் பயன்படுதல். வள்ளுவர் கருதிய ஒப்புரவும் திருச்சபையின் ஒப்புரவும் ஒரே பொருளன அல்ல. ஆயினும் கணக்கு, கூலி, கடன், சுமை என்று பல உருவகங்களைக் கடந்து வந்த ஒரு சொல், கடைசியில் அடுத்திருப்பவனோடு கொள்ளும் உறவில் வந்து சேர்ந்திருப்பது நமக்கு நிறைவளிக்கிறது.

தண்டீசுவரத்துக் கதையில் கோல் யமனிடமே திரும்பியது. பரங்கிமலைக் கல்லில் பெயரறிந்த ஒருவன் தன்மேல் இரங்குமாறு கேட்டுக்கொண்டிருக்கிறான். தண்டனையும் இரக்கமும் ஒன்றையொன்று விட்டு விலகுவதில்லை என்பதைத் தமிழ் தன் ஒற்றைச் சொல்லில் முன்பே வைத்திருந்தது. மறைப்பணியாளர்கள் அச்சொல்லின் குற்றம் சாட்டும் முகத்தை மட்டுமே எடுத்துக்கொண்டதாக நினைத்தார்கள். பாவியைத் தேடிவரும் கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, அவர்கள் அறியாமலே ‘ஐயோ பாவம்’ என்னும் மற்றொரு முகமும் அவர்கள் பேச்சுக்குள் வந்துவிட்டது. கல்லறைச் சுவர்கள் இன்னும் நிற்கும் ஊர்களில் அந்த இரண்டாம் முகம் யாரைப் பார்த்து உருக வேண்டும், முதல் முகம் யாரைச் சுட்ட வேண்டும் என்பது இன்னமும் சரிவரப் பிரித்துணரப்படவில்லை.